நிபைவாவின் பின்வாசல்

மேற்குப் பாலைவனப் போரின் வரைபடம் அரபி பயின்றவனுக்கு ஒரு சொற்பாடம் போலத் தோன்றும். ‘மர்ஸா’ என்றால் மரக்கலம் ஒதுங்கும் துறை. ‘பிஃர்’ என்றால் கிணறு. ‘வாதி’ பள்ளத்தாக்கு. ‘அலமைன்’ இரண்டு அடையாளக் குறிகள். ‘சீதி’ என்பது ‘சய்யிதீ’ என்பதன் பேச்சு வழக்கு. ‘எங்கள் பெரியார்’ என்று நாம் சொல்வதை ஒத்தது. கிணற்றையும் துறையையும் பெரியார்களையும் கொண்டு ஊருக்குப் பெயரிட்ட மக்களின் மண்ணில் 1940 முதல் 1943 வரை பிறர் வந்து போரிட்டனர். அப்போரின் ஒரு காலைப் பொழுதை இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன். கோட்டுச்சேரிமேட்டிலும் காரைக்காலைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ‘சொல்தா’க்களின் கதையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு அது அயலார் கதை அன்று.

1940 செப்டம்பரில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 9ஆம் நாள், புதுவை ஆளுநர் போன்வேன் பிரெஞ்சிந்தியப் பகுதிகளை ஜெனரல் தெகோலின் விடுதலைப் பிரான்சுடன் இணைத்தார்; காரைக்காலும் அவ்வணியில் சேர்ந்தது. 13ஆம் நாள், மார்ஷல் கிராஸியானியின் இத்தாலியப் படை லிபியாவிலிருந்து எகிப்துக்குள் புகுந்தது. 16ஆம் நாள் சீதி பர்ரானியை அடைந்து நின்றது.

கிராஸியானி யார் என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கிழக்கு லிபியாவின் ஸனூஸிகளை ஒடுக்கியவர் அவர். ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களை முள்வேலி முகாம்களில் அடைத்தவர். எகிப்திய எல்லையில் ஏறத்தாழ 270 கி.மீ. நீளத்துக்கு வேலி போட்டவர். முதுமையிலும் போராடிய உமர் முக்தார் தூக்கிலிடப்பட்ட நாள் 1931 செப்டம்பர் 16. சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், அதே கிராஸியானியின் படை சீதி பர்ரானியில் கொடி நாட்டியது.

அங்கே நின்றவர் மேலே செல்லவில்லை. சாலை வேண்டும், தண்ணீர் வேண்டும், வண்டிகள் வேண்டும் என்று காத்திருந்தார். அதுவரை காப்பாக இருக்கட்டும் என்று கடற்கரையிலிருந்து தெற்கே பாலைவனத்துள் அரண் சூழ்ந்த பாசறைகளை வரிசையாக அமைத்தார். மக்தீலா, தும்மார், நிபைவா, ராபியா, ஸோஃபாஃபி என்பன அவற்றின் பெயர்கள். சுற்றிலும் கற்சுவர், அகழி, கண்ணிவெடி, உள்ளே பீரங்கி. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் வலிய கோட்டைதான். ஆனால் நிபைவாவுக்கும் ராபியாவுக்கும் இடையே இருபது கி.மீ.க்கு மேல் வெறும் மணல். ஒன்று தாக்கப்பட்டால் மற்றொன்றின் பீரங்கி அங்கே எட்டாது.

எதிரில் இருந்த பிரிட்டிஷ் படையின் மொத்தத் தொகை ஏறத்தாழ 36,000. தலைமைத் தளபதி வேவல். பின்னாளில் நம் நாட்டுக்கு வைசிராயாக வந்தவர். களத்தில் படை நடத்தியவர் ஓகானர். அவரிடமிருந்த இரு பெரும் பிரிவுகளுள் ஒன்று 4ஆம் இந்தியப் பிரிவு. அதில் ராஜபுத்திரர், பஞ்சாபியருடன் நம் மதராஸ் சாப்பர்களும் இருந்தனர். வழி அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் சாப்பர்களின் தொழில்.

ஓகானரின் திட்டம் எளியது. பாசறைகளுக்கு இடையிலுள்ள அந்த வெறும் மணல் வழியே இரவில் நுழைந்து, பின்புறம் சென்று தாக்குவது. வானிலிருந்து எடுத்த படங்களும் உளவுப் படையினரும் ஒன்றைக் காட்டினர்: நிபைவாவின் வடமேற்கு மூலையில் கண்ணிவெடிகள் இல்லை, அவர்களுடைய லாரிகள் வந்துபோகும் வாசல் அது. நவம்பர் இறுதியில் மர்ஸா மத்ரூஹ் அருகே மணலில் பாசறைகளின் வடிவத்தைக் கோடிட்டு வீரர்களுக்குப் பயிற்சி தந்தனர். எதற்காக என்று வீரர்களுக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 8 இரவு. கடலிலிருந்து போர்க்கப்பல்கள் மக்தீலாவையும் சீதி பர்ரானியையும் சுட்டன. டாங்கிகளின் இரைச்சல் பாசறைக்குக் கேட்காதபடி விமானங்கள் மேலே வட்டமிட்டன. விடியுமுன் ராஜபுத்திரப் பட்டாளம் ஒன்று நிபைவாவின் கிழக்குப் பக்கத்தில் நின்று சுட்டுக் காவலரின் கண்ணை அங்கேயே நிறுத்தியது. 9ஆம் தேதி காலை 7.15க்கு எழுபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் முழங்கின. அதே வேளையில், எதிர்ப்பக்கமான வடமேற்கு வாசலில், மட்டில்டா டாங்கிகள் புகுந்தன. வெளியே நின்ற இத்தாலிய டாங்கிகள் புறப்படுமுன்பே நொறுங்கின. மட்டில்டாவின் முகப்பு இரும்பு 78 மில்லிமீட்டர் கனம். இத்தாலியரின் குண்டுகள் அதில் பட்டுத் தெறித்தன. டாங்கிகளைத் தொடர்ந்து லாரிகளில் வந்திறங்கிய கேமரன் ஹைலண்டர்களும் ராஜபுதன ரைபிள்ஸ் வீரர்களும் அகழி அகழியாகத் துப்புரவு செய்தனர். பாசறைத் தளபதி மலெட்டி போரிட்டபடியே மாண்டார். முற்பகல் பதினொரு மணிக்குள் நிபைவா வீழ்ந்தது. மறுநாள் சீதி பர்ரானியும் கைமாறியது. சில நாட்களில் சிறைப்பட்டவர் 38,000க்கும் மேல். வென்ற தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 624 பேர்.

டாங்கி மட்டும் வந்திருந்தால் அகழிகளுக்குள் ஒளிந்தவரை அது வெளியேற்றியிராது. காலாட்படை மட்டும் வந்திருந்தால் திறந்த மணலில் மடிந்திருக்கும். கப்பல், விமானம், பீரங்கி, டாங்கி, காலாள் ஆகிய ஐந்தும் ஒருவர் குறையை ஒருவர் மறைத்து நின்றதே வெற்றியின் இரகசியம். மறுதரப்பில் கோட்டைகள் பலவாக இருந்தும் ஒன்றுக்கொன்று துணையாகவில்லை.

அரண் என்பதே பயனற்றது என்று இதைக்கொண்டு முடிவு செய்துவிடலாகாது. ஹிஜ்ரி 5இல் ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்களின் யோசனைப்படி மதீனாவில் அகழி தோண்டப்பட்டபோது, அது ஊர் முழுவதையும் சுற்றவில்லை. தோண்டாத பக்கங்களை எரிமலைப் பாறைகளும் பேரீச்சந் தோப்புகளும் நெருங்கிய வீடுகளும் காத்தன. திறந்த பக்கம் எது என்பதை அறிந்து அடைத்தார்கள். 1942 மே, ஜூனில் பிஃர் ஹகீமிலும் இதையே காண்கிறோம். கேனிக் தலைமையில் விடுதலைப் பிரான்சின் 3,700 பேர், நாற்புறமும் கண்ணிவெடி விதைத்து, மண்ணுக்குள் குழி பறித்துத் தங்கி, ரோம்மலின் படையை இரண்டு வாரத்துக்கு மேல் தடுத்து நிறுத்தினர். முதல் நாளே இத்தாலிய டாங்கிகள் முப்பதுக்கு மேல் அங்கே அழிந்தன. பகைவர் சிறைபிடித்துப் பின் பாலைவனத்தில் விட்டுவிட்ட அறுநூறு இந்திய வீரர்கள் தாகத்தோடு அங்கே வந்து சேர்ந்தபோது, தங்களுக்கே போதாத தண்ணீரை அவர்கள் பகிர்ந்துகொண்டனர். காரைக்கால் சேர்ந்திருந்த அணியின் பெயரை உலகம் மதித்தது அந்த வறண்ட கிணற்றடியில்தான்.

இனி, போர்நூல்கள் விரைந்து கடந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிபைவாவிலும் தும்மாரிலும் மக்தீலாவிலும் இத்தாலியக் கொடியின் கீழ் நின்றோரில் பெரும்பகுதியினர் லிபியர்கள். உமர் முக்தாரின் மண்ணில் பிறந்தவர்கள். அவர்களை எதிர்த்துச் சென்ற இந்தியப் பட்டாளங்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். இருசாராரையும் அனுப்பியவர் வேறு. களத்தில் நின்றவர் வேறு. எதிரெதிர் அகழிகளில் இருந்தோர் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் என்பதை எந்தப் படத்தின் அம்புக்குறியும் காட்டாது. ஆண்ட நாடுகளின் கோட்டைகளில் அடைபடாத பின்வாசல் இந்த மனிதர்களே. லிபியா 1951இல் சுதந்திரம் பெற்றது. இந்தியா அதற்கு முன்பே 1947இல் பெற்றது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954 நவம்பர் 1 அன்று. வென்ற பேரரசும் தோற்ற பேரரசும் அந்த மணலை விட்டு அகன்றன.

அகலாமல் நின்றவை கண்ணிவெடிகள். எண்பது ஆண்டுகள் கடந்தும் எகிப்தின் வடமேற்குப் பாலையில் ஆடு மேய்ப்போர் அவற்றுக்குக் காலையும் கையையும் பறிகொடுக்கின்றனர். அவ்வெடிகளை அகற்றும் தொழிலில் நம்மவர் ஒருவர் உயிரையே தந்தார். காஞ்சிபுரம் பகுதிக் கீழோட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், 4ஆம் இந்தியப் பிரிவின் மதராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது. கோட்டை கட்டியவர் பெயரையும் கோட்டை பிடித்தவர் பெயரையும் படிக்கும் நம் பிள்ளைகள், வெடியை எடுத்து வழி திறந்தவர் பெயரையும் சேர்த்துப் படிக்கட்டும்.