நோவறியாப் பிள்ளைகளும் மருந்தின் உரிமையும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் மாமன் மகளையோ மாமி மகளையோ மணக்கும் வழக்குத் தொன்றுதொட்டு உண்டு. சிற்றப்பன் மகளை மணத்தலும் வழக்கிலுள்ள மற்றொரு முஸ்லிம் நாட்டிலிருந்தே, நாட்பட்ட நோவுக்கு மருந்து தேடும் புதிய வரலாறு ஒன்று கிளைத்தது.

பாகிஸ்தானின் வடபகுதியிற் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கைகளிற் கத்தியைச் செருகியும் தணல்மீது நடந்தும் தெருவில் வித்தை காட்டினான். நோவு யாதென அவன் அறியான். ஆய்வாளர் அவனைக் காணுமுன்னரே, வீட்டுக் கூரையினின்று குதித்து இறந்தான். நோவும் ஒரு காவலன் என்பதற்கு வேறு சான்று வேண்டா! உறவுமண வழக்குடைய மூன்று குடும்பங்களில், இக்குறை கொண்ட ஆறு பிள்ளைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் கொக்ஸ், ஜெப்றி வூட்ஸ் முதலியோர் 2006 இல் 'நேச்சர்' இதழிற் காரணத்தை வெளியிட்டனர். எஸ்.சி.என்.9ஏ என்னும் பரம்பரையலகு பழுதுற்றமையால், நோவுணர் நரம்புகளிலுள்ள சோடிய வாயில் ஒன்று அவர்களிடத்து இயங்கவில்லை. அதே அலகு மிகையாய் இயங்குவோர்க்குக் கை கால் தீயாய் எரியும் என்பதைச் சீன ஆய்வாளர் 2004 இலேயே கண்டிருந்தனர்.

ஆயின், அவ்வாயிலை வேண்டுமளவு அடைத்தாலென்ன? மாத்திரைகள் பெரும்பாலும் ஏமாற்றின; உடலில் அதனையொத்த சோடிய வாயில்கள் வேறும் எட்டு உள. 2021 இல் சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அனா மொறேனோ, பிரசாந்த் மாலி குழுவினர் அப்பரம்பரையலகை வெட்டாது அடக்கி வைத்து, எலிகளின் நோவைப் பல வாரங்கள் தணித்தனர். ஆய்வுக்கு உதவியது அமெரிக்கப் பொதுப்பணம். அரசு நிதியாற் பிறந்த கண்டுபிடிப்பின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்திருந்து கம்பனிகளுக்கு உரிமம் வழங்க 1980 ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் இடமளிக்கின்றது. ஆய்வாளர் சிலரே நவேகா என்னுங் கம்பனியை நிறுவினர்.

இரத்தம் கொடுத்த குடும்பங்களுக்கு இவ்வொழுங்கில் யாது பங்கு? சட்டம் நிதி தந்தாரையும் கண்டுபிடித்தாரையும் பேசுகின்றது; இவர்களைப் பேசவில்லை. இது பெருங்குறையென்றே யான் கருதுகின்றேன்.

விலையும் சிறிதன்று. 2022 இல் அங்கீகாரம் பெற்ற இரத்தவொழுக்கு நோய்க்கான பரம்பரையலகு மருந்தொன்றுக்கு அமெரிக்காவில் 35 இலட்சம் டொலர் விதிக்கப்பட்டது. சேனக பிபிலே முன்னின்று 1971 இல் அமைத்த அரச மருந்துக் கூட்டுத்தாபனம், மருந்துகளை வணிகப் பெயரின்றிப் பொதுப்பெயரிற் கேள்விப்பத்திரம் கோரி வாங்கி விலையைக் குறைத்தது. பலர் விற்கும் மருந்துக்கே அம்முறை பொருந்தும். ஒரே கம்பனி உரிமம் வைத்திருப்பதற்கு எவரிடம் போட்டி விலை கேட்பது?

2025 ஜனவரியில் அந்த எட்டு வாயில்களுள் ஒன்றை அடைக்கும் சுசெற்றிஜின் மாத்திரையை அமெரிக்கா அங்கீகரித்தது. அதுவும் குறுங்கால நோவுக்கேயன்றி நாட்பட்ட நோவுக்கன்று.