கணக்கெடுப்பவர் மீது பாய்ந்த கோபம்: அமேசானின் அரைநூற்றாண்டு

2019 ஜூலை 19ஆம் நாள் பிரேசில் அதிபர் ஜெய்ர் பொல்சனாரோ வெளிநாட்டுச் செய்தியாளர்களைச் சந்தித்தார். அமேசான் காட்டழிவு குறித்துத் தம் நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிட்டுவந்த புள்ளிவிவரங்கள் பொய் என்றார். அதன் இயக்குநர் ஏதோவொரு தொண்டு நிறுவனத்துக்காக உழைப்பவராக இருக்கக்கூடும் என்றும் ஐயம் எழுப்பினார். இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ் ஓர் இயற்பியலாளர். அவர் பணிந்து போகாமல் வெளிப்படையாகவே மறுத்தார். இரண்டே வாரங்களில் பதவியிழந்தார்.

காட்டை விட்டுவிட்டுக் கணக்கெடுப்பவர் மீது ஏன் இத்தனை சினம்? இது விளங்க அரைநூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1964 முதல் 1985 வரை பிரேசிலை ஆண்டது இராணுவம். அதன் பார்வையில் அமேசான் ஆளற்ற வெற்று நிலம். 1970இல் அதிபர் மெடிசி அறிவித்த டிரான்ஸ் அமேசான் நெடுஞ்சாலை, வடகிழக்கில் வறட்சியால் அல்லலுற்ற ஏழைகளை அக்காட்டில் குடியேற்றும் நோக்கம் கொண்டது. நிலச்சீர்திருத்தம் செய்து பெரும் பண்ணையார்களைப் பகைத்துக்கொள்வதைவிடக் காட்டைக் காட்டி ஏழைகளை ஆற்றுப்படுத்துவது ஆட்சியாளர்க்கு எளிதாயிற்று. வழிவழியாக அங்கு வாழ்ந்த பழங்குடிகள் அவர்கள் கணக்கில் வரவேயில்லை.

மக்களாட்சி திரும்பியபின் 1988இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், நலமான சுற்றுச்சூழலைக் குடிமக்களின் உரிமையாக்கியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆண்டுதோறும் காட்டழிவை அளக்கும் வரிசை தொடங்குவதும் அவ்வாண்டிலிருந்துதான். ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களின் தலைவர் சிக்கோ மெண்டிஸ் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே 1988 டிசம்பரில்தான். அவருடன் போராடிய மரினா சில்வா 2003இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார்.

2004இல் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அழிந்தது. அது தேர்தலில் வென்ற ஆட்சியின் காலமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் வெளியானது; அரசை உறுத்தியது. வானிலிருந்து எச்சரிக்கை வரும்; கள அலுவலர் செல்வார்; அபராதம் விதிக்கப்படும்; விதியை மீறிய நிலத்துக்கு வங்கிக் கடன் மறுக்கப்படும். இந்தச் சங்கிலியின் துணையால் 2012இல் அழிவு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பின்னர் மெல்ல ஏறத் தொடங்கிய அழிவு, 2019க்குப் பின் பாய்ச்சலெடுத்தது.

பொல்சனாரோவின் ஆட்சி அரசியல் சட்டத்தின் அந்தப் பிரிவை நீக்கவில்லை. சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியது. 2012இல், அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியில் மீன் பிடித்ததற்காக அவருக்கு அபராதம் விதித்த அலுவலர், 2019இல் தம் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஏனைய அலுவலர்களுக்கு இதைவிடத் தெளிவான சுற்றறிக்கை தேவையில்லை. 2020 ஏப்ரலில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில், நாடு பெருந்தொற்றில் கவனமாயிருக்கும் வேளையில் விதிகளைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சரே பேசினார். நீதிமன்ற ஆணையால் அக்காணொளி வெளியாயிற்று. 2021இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அக்டோபர் 27 எனத் தேதியிட்ட அந்த அறிக்கை, கிளாஸ்கோ காலநிலை மாநாடு முடிந்தபின், நவம்பர் 18ஆம் நாள்தான் வெளியிடப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்தது எனும் நம் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அரிது.

வெகுமக்கள் பெயரால் எழும் எதேச்சாதிகாரத்தின் இயல்பு இது. தலைவரே மக்களின் குரல் என்றான பிறகு, அவர் சொல்லோடு முரண்படும் அளவுகோல் மக்களுக்கே பகையாகிவிடுகிறது. தங்கம் தோண்டுபவரும் மேய்ச்சல் நிலத்துக்காகக் காட்டை எரிப்பவரும் ‘மக்கள்’ ஆகிறார்கள். பழங்குடியினர் வளர்ச்சிக்குத் தடை. அறிவியலாளர் அந்நியரின் கையாள். ஏழையின் பெயர் சொல்லப்படுகிறது; நிலமோ இறுதியில் பெரும் பண்ணைகளுக்கே சேர்கிறது. மெடிசி காலத்துக் கதைதான். கூடுதலாக வாக்குச்சீட்டு மட்டும் சேர்ந்துகொண்டது.

2023இல் ஆட்சி மாறியது. மரினா சில்வா மீண்டும் அமைச்சரானார். கல்வாவ் தேசிய அறிவியல் ஆய்வு மன்றத்தின் தலைமைக்கு வந்தார். 2024இல் அழிவு ஏறத்தாழ 6,300 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. இத்தனை விரைவில் மீள முடிந்ததற்குக் காரணம், இயக்குநரை நீக்கிய பின்பும் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அளப்பதை நிறுத்தவில்லை என்பதே. 2019 முதல் 2022 வரை அவர்கள் பதிந்துவைத்த இழப்பு 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கேரளத்தைவிடப் பெரிய அந்தப் பரப்பு இன்னும் காடாகவில்லை. எனினும் அது காடாக இருந்தது என்பதற்கான சான்று எஞ்சியிருக்கிறது.