வட்டத்தின் குழியும் கோளத்தின் கனமும்: தமிழ்க் கணக்கு விதியும் கேரளக் கணித யுக்தியும்

வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் அதன் குழி கிடைக்கும் என்பது தமிழ்க் கணக்கு மரபில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதியாகும். நில அளவையில் கோலால் அளந்த சதுரத்துக்குப் பெயராக நின்ற ‘குழி’ என்னும் சொல்லே பரப்பளவு என்னும் பொதுப்பொருளிலும் இங்கு ஆளப்படுகிறது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்னும் வாய்பாட்டோடு பழகிய ஊர்க்கணக்கருக்கு இவ்விதி போதுமானது. விட்டம் 14 கோல் எனில், ஏழில் இருபத்திரண்டு என்னும் பங்கின்படி சுற்று 44 கோல். 22-ஐ 7-ஆல் பெருக்க 154 குழி. ஆனால், அரைச்சுற்றை அரைவிட்டத்தால் ஏன் பெருக்க வேண்டும் என்னும் வினாவுக்குச் செய்யுள் விடை கூறுவதில்லை. கூறுவது அதன் பணியும் அன்று.

(இவ்விதியைச் சொல்லும் செய்யுளை ஒரு சாரார் கணக்கதிகாரத்தினது என்பர், மற்றொரு சாரார் காக்கைபாடினியத்தோடு தொடர்புபடுத்துவர். பதிப்பும் பாடலெண்ணும் சுட்டாமல் இத்தகைய செய்யுட்களை மேற்கோள் காட்டும் வழக்கம் பெருகியிருப்பது ஆய்வுக்கு நன்மை செய்வதில்லை.)

இதே விதி வடமொழியில் ஆரியபடர் பொ.ஆ. 499 அளவில் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதபாதத்திலும் உள்ளது. அதன் ஏழாம் சுலோகத்தின் முற்பகுதி, அரைச்சுற்றும் அரைவிட்டமும் பெருக்கியது வட்டத்தின் பலன் என்கிறது. இது சரியானது. பிற்பகுதி, அவ்வட்டப் பலனை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கோளத்தின் கனம் கிடைக்கும் என்கிறது. இது பிழையானது. விட்டம் 14 ஆயின் இவ்விதிப்படி கனம் ஏறத்தாழ 1911. உண்மையில் ஏறத்தாழ 1437. சதுரத்தின் பலனை அதன் மூலத்தால் பெருக்கினால் கனசதுரம் கிடைப்பதுபோல வட்டத்துக்கும் கொண்டதனால் இப்பிழை நேர்ந்திருக்கலாம். கோளத்தின் கனத்துக்குச் சரியான விதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் லீலாவதியில் தந்தார். ஒரே சுலோகத்தில், ஒரே ஆசிரியர் வாக்காக, மெய்யும் பிழையும் அடுத்தடுத்து நிற்கின்றன. விதியை மட்டும் மனனம் செய்தவர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை. கணிதத்தில் காரணம் கூறுதல் அணியன்று, தேவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

அக்காரணத்தைத் தேடிய மரபு மலையாள நாட்டில், பாரதப்புழையை ஒட்டிய ஊர்களில் வளர்ந்தது. அதனை அச்சில் அறிஞருலகுக்கு அளித்ததில் திருவனந்தபுரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி 1905-இல் தொடங்கிய திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையிலேயே நீலகண்ட சோமயாஜியின் ஆரியபடீய பாஷ்யம் வெளிவந்தது. அதன் கணிதபாதப் பகுதி 1930-இல் கே. சாம்பசிவ சாஸ்திரியால் பதிப்பிக்கப்பெற்றது. புதுமன சோமயாஜியின் கரணபத்ததி 1937-இலும், நீலகண்டரின் தந்திரசங்கிரகம் 1958-இலும் இவ்வரிசையிலேயே அச்சேறின. இந்நூல்கள் எடுத்தாளும் விதிகளுக்கெல்லாம் காரணம் கூறும் யுக்திபாஷா, ஜ்யேஷ்டதேவரால் 1530 அளவில் மலையாள உரைநடையில் எழுதப்பெற்றது. அதன் கணிதப்பகுதி 1948-இல் திருச்சூரில் அச்சாயிற்று.

வட்டப் பரப்புக்கு இம்மரபினர் கூறும் யுக்தி, கண்ணால் கண்டு ஒப்பத்தக்கது. வட்டத்தை இரு பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாதியையும் நடுப்புள்ளியிலிருந்து விளிம்பை நோக்கிச் சம அளவுள்ள மெல்லிய கூர்ங்கூறுகளாக நறுக்கி, விளிம்பு நேராகும்படி விரிக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பாதியும் சீப்பின் பற்கள்போல நிற்கும். ஒன்றன் பற்களை மற்றதன் இடைவெளியில் பொருத்தினால் நீண்ட சதுரம் ஒன்று அமையும். அதன் நீளம் அரைச்சுற்று, அகலம் அரைவிட்டம். கூறுகள் பருமனாக இருப்பின் விளிம்பு வளைவு நெளிநெளியாகத் தெரியும். நறுக்க நறுக்க நெளிவு தேய்ந்து நேர்கோட்டை அணுகும். தமிழ்ச் செய்யுள் விதித்த பெருக்கல் ஏன் மெய்யாகிறது என்பதற்கு இதுவே விடை.

எனினும் இவ்விடை ஒரு புதிய கடனை உண்டாக்குகிறது. குழி காணச் சுற்று வேண்டும்; சுற்றைத் துல்லியமாகக் காண்பது எங்ஙனம்? எந்த அளவுகோலால் விட்டம் மிச்சமின்றி அளக்கப்படுமோ அதே கோலால் சுற்றை அளந்தால் மிச்சம் நிற்கும், கோலை எவ்வளவு சிறிதாக்கினும் மிச்சம் சிறுக்குமேயன்றி அற்றுப்போகாது என்று நீலகண்டர் தம் பாஷ்யத்தில் விளக்குகிறார். ஐரோப்பாவில் லாம்பர்ட் இக்கூற்றுக்கு நிறுவல் தந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். நீலகண்டர் தருவது நிறுவல் அன்று, தெளிந்த கூற்றே; ஆயினும் ஏழில் இருபத்திரண்டு என்பது வழக்கு வசதியே என்பதை அது ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. விட்டம் 900000000000 எனில் சுற்று 2827433388233 என்னும் சங்கமகிராம மாதவரின் கணிப்பையும் அவர் அதே பாஷ்யத்தில் எடுத்துரைக்கிறார். பதின்மப் புள்ளிக்குப் பின் பத்து இடம் வரை இது சரியாக உள்ளது.

மாதவர் (ஏறத்தாழ 1340–1425) கண்ட வழி யுக்திபாஷாவில் படிப்படியாக விரிக்கப்படுகிறது. வட்டத்தைச் சூழ ஒரு சதுரம் வரைந்து, அதன் பக்கத்தில் பாதியை அணுவளவான சம துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முனையையும் வட்ட மையத்தோடு இணைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நேரான சிறு வில்லின் அளவை ஒத்த முக்கோணங்களால் கண்டு, அவற்றையெல்லாம் கூட்டினால் சுற்றில் எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். அக்கூட்டலின் முடிவு: விட்டத்தை நான்கால் பெருக்கி, அதில் மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் செல்லும் தொடர். 1670களில் கிரிகோரியும் லைப்னிட்சும் தனித்தனியே கண்ட தொடரும் இதுவே.

இக்கூட்டல் நிகழ்வதற்கு ‘சங்கலிதம்’ என்னும் கருவி உதவுகிறது. ஒன்று முதல் ஓர் எண்வரை உள்ளவற்றைக் கூட்டினால் இறுதி எண்ணின் வர்க்கத்தில் பாதியை அணுகும், வர்க்கங்களைக் கூட்டினால் அதன் கனத்தில் மூன்றில் ஒன்றை அணுகும், மேலும் இவ்வாறே. ‘அணுகும்’ என்னும் சொல்லே இங்கு உயிர். ஒன்று முதல் 100 வரையுள்ள வர்க்கங்களின் கூட்டுத்தொகை 338350. நூறின் கனத்தில் மூன்றில் ஒன்றோ ஏறத்தாழ 333333. மிகை நூற்றுக்கு ஒன்றரை. 1000 வரை சென்றால் தொகை 333833500. மிகை ஆயிரத்துக்கு ஒன்றரையாகச் சுருங்குகிறது. துண்டுகள் அணுவாகும்போது மிகையைப் புறக்கணிக்கலாம் என்பது ஜ்யேஷ்டதேவரின் வாதம். இன்றைய தொகை நுண்கணிதத்தின் முதற்பாடமும் இதுவே.

ஆரியபடர் தவறவிட்ட கோளக் கனத்துக்கு இக்கருவி விடை தருகிறது. கோளத்தை அப்பளம்போல் மெல்லிய தகடுகளாக அரிந்தால் ஒவ்வொரு தகடும் ஒரு வட்டம். விட்டத்தின்மீது ஒரு முனையிலிருந்து தகடு வரை ஒரு நீளம், தகட்டிலிருந்து மறுமுனை வரை மற்றொரு நீளம். இவ்விரண்டன் பெருக்கமே அத்தகட்டின் அரைவிட்ட வர்க்கம். எல்லாத் தகடுகளுக்கும் இப்பெருக்கத்தைக் கூட்டினால், எண்களின் சங்கலிதத்தால் விட்டக் கனத்தில் பாதியும், அதிலிருந்து கழிக்கவேண்டிய வர்க்க சங்கலிதத்தால் மூன்றில் ஒன்றும் வரும். எஞ்சுவது ஆறில் ஒன்று. விட்டம் 14 எனில் 2744-இல் ஆறில் ஒன்றை ஏழில் இருபத்திரண்டால் பெருக்க, மேற்கூறிய 1437 வருவதைக் காணலாம்.

இதனைக் கொண்டு நுண்கணிதம் முழுவதும் கேரளத்தில் பிறந்தது என உரிமை கொண்டாடுவது பொருந்தாது. எவ்வகை வளைவுக்கும் ஏற்ற பொதுமுறையோ, வகையீடும் தொகையீடும் ஒன்றுக்கொன்று எதிர்வினை என்னும் தேற்றமோ இந்நூல்களில் இல்லை. ஆராயப்பட்டவை வட்டமும் கோளமுமே. அதேபோல், 1834-இல் சார்லஸ் விஷ் இந்நூல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை நூறாண்டுக்கு மேலாகப் பெரிதும் புறக்கணித்ததும் நேர்மையாகாது. சென்னையில் சி.டி. இராஜகோபால் தம் துணைவர்களோடு 1940களில் எழுதிய கட்டுரைகளும், 1979-இல் வெளிவந்த டி.ஏ. சரசுவதி அம்மாவின் இந்திய வடிவியல் வரலாறும், 2008-இல் வெளிவந்த கே.வி. சர்மாவின் யுக்திபாஷா ஆங்கில மொழிபெயர்ப்பும் அக்குறையை நீக்கியுள்ளன.

தமிழ்க் கணக்கு நூல்களில் இத்தகைய யுக்திகள் காணப்படாமைக்கு அறிவுக் குறைவைக் காரணமாக்குவது எளிது, ஆனால் தவறு. கணக்கதிகாரம் நிலம், நெல், பொன், காலம் ஆகியவற்றை அளப்பவருக்காக எழுந்தது. மலையாள மரபோ கிரகணத்தின் நேரத்தைப் பிழையின்றிக் கணிக்க விழைந்த வானியலாரின் தேவையால் எழுந்தது. ஆசிரியர் மாணவருக்கு ஓதியதை உரைநடையில் பதிந்தது. இவ்விரு நாடுகளுக்கும் இடையே கணித உரையாடல் இல்லாமலும் இல்லை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வாக்கியகரணத்துக்கு லகுபிரகாசிகை என்னும் உரை வகுத்த சுந்தரராஜர் தமிழகத்தவர், நீலகண்டரின் காலத்தவர். அவர் மலையாள நாட்டு அறிஞரிடம் தம் ஐயங்களை அனுப்பினார், நீலகண்டர் விடையளித்தார். அவ்வினாவிடைகளின் தொகுப்பான சுந்தரராஜ பிரச்னோத்தரம் குறிப்புகளால் மட்டுமே அறியப்படுகிறது. ஆறு சமய தரிசனங்களையும் கரைகண்டவர் என்று நீலகண்டரைச் சுந்தரராஜர் போற்றும் லகுபிரகாசிகை மட்டும், குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் 1962-இல் சென்னையில் வெளியிட்ட பதிப்பின்வழி இன்று படிக்கக் கிடைக்கிறது.