போலீஸ்காரர் சட்டையில் ஒரு பெயர்: கிட்டி முதல் சிசிடிவி வரை

இந்த எபிசோடு எங்க வீட்டுத் திண்ணையில ஆரம்பிக்குது.

2019 ஜூலை. எங்க சின்ன காஞ்சிபுரத்துல அத்திவரதர் வெளிய வந்திருந்தார். 40 வருஷத்துக்கு ஒரு தடவை, 48 நாள். ஜூலை 1-லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் எங்க தெருவுல எங்களாலயே நடக்க முடியல. எல்லா மாவட்டத்துலேர்ந்தும் போலீஸ் வந்து இறங்கியிருந்தாங்க. ஒரு மத்தியானம் ஒரு ஏட்டய்யா திண்ணையில வந்து உக்காந்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா"ன்னார். சொம்போட வந்து பாத்தா மனுஷர் ஷூவைக் கழட்டி வெச்சுட்டுக் காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். பக்கத்துல லத்தி. கழுத்துல விசில். சட்டைப் பையில பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு குட்டி நோட்டு. நெஞ்சுல பேர் எழுதின பேட்ஜ்.

நான் பேரைப் படிச்சு "அண்ணே"ன்னு கூப்பிட்டதும் சிரிச்சார். அன்னிக்கு முழுக்க அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நான் ஒருத்தன்தானாம்.

அப்போ தோணின கேள்விதான் இது. இந்தச் சாமான்லாம் ஒவ்வொண்ணா எப்போ போலீஸ்காரர் உடம்புல ஏறுச்சு? லத்தி, விலங்கு, பூட்ஸ் எல்லாம் சரி. இந்தப் பேர்ப் பட்டையை யார் மாட்டிவிட்டாங்க? தேட ஆரம்பிச்சா 1850-கள் மெட்ராஸ்ல கொண்டு போய் விட்டுருச்சு.

அந்தக் காலத்துல கிராமத்து ஆளுக்குப் போலீஸ்னா தாசில்தாரும் அவர் சேவகர்களும்தான். 1816-ல வந்த ஒழுங்குமுறைச் சட்டம் வரி வசூலையும் போலீஸ் வேலையையும் ஒரே ஆள் கையில குடுத்திருந்தது. காலையில கிஸ்தி கேக்கிற அதே ஆள், சாயங்காலம் திருட்டு கேஸ் விசாரிப்பார். ரெண்டுக்கும் ஒரே டூல்கிட்.

அதுல முதல் சாமான் கிட்டி. ரெண்டு கட்டையை ஒரு முனையில சேர்த்துக் கட்டியிருக்கும். எலுமிச்சம்பழம் பிழியற கட்டை மாதிரின்னு வெச்சுக்கோங்க. நடுவுல விரலையோ தொடையையோ காதையோ வெச்சு அழுத்துவாங்க. இன்னொண்ணு அண்ணாந்தாள். ஆளைக் குனிய வெச்சு, கழுத்தையும் காலையும் கயித்தால இழுத்துக் கட்டி, வெயில்ல நிறுத்திடுவாங்க. சில சமயம் முதுகுல கல்லும் ஏத்துவாங்க. நாம கிட்டிப்புள் ஆடின அதே "கிட்டி"ங்கிற சொல்லை 1855 அறிக்கையில இங்கிலீஷ் எழுத்துல பாத்தப்போ வயிறு கலங்கிடுச்சு.

என்ன அறிக்கைன்னு கேக்கிறீங்களா? கதையில இங்க ஒரு மெட்ராஸ் வியாபாரி வர்றார். காஜுலு லட்சுமிநரசு செட்டி. சென்னை மகாஜன சபை தொடங்கறதுக்கெல்லாம் முன்னாடியே, 1852-ல மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் ஆரம்பிச்சவர். "கிரசன்ட்"னு ஒரு பத்திரிகையும் நடத்தினார். இந்தச் சித்திரவதைகளைப் பத்தி லண்டன் பார்லிமென்டுக்கு மனு மேல மனு போட்டார். 1853-ல டான்பி சேமூர்ங்கிற பார்லிமென்ட் உறுப்பினர் இங்க வந்தப்போ, அவரைக் கையோட கூட்டிட்டுப் போய் ஜனங்க படற பாட்டைக் காட்டினார். அடுத்த வருஷம் விஷயம் காமன்ஸ் சபையில வெடிச்சுது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு பேர் கொண்ட விசாரணைக் கமிஷன் போட்டாங்க. வெகு தூரத்துலேர்ந்து நடந்தே வந்து புகார் குடுத்தவங்களும் உண்டு. 1855-ல அறிக்கை வந்தது. வரிக்கும் சித்திரவதை, வாக்குமூலத்துக்கும் சித்திரவதைன்னு ஒத்துக்கிட்டாங்க.

ஒரு சாமர்த்தியமும் பண்ணியிருந்தாங்க. அடிக்கிறவன் சுதேசிச் சேவகன், அவன்கிட்டேர்ந்து காப்பாத்தத்தான் ஜனங்க வெள்ளைக்காரனை எதிர்பாக்கிறாங்கன்னு ஒரு முடிவு. வரி டார்கெட் வெச்சது யாருன்னு கேள்வி வரல. 1857 செப்டம்பர்ல நியூயார்க் டெய்லி டிரிப்யூன்ல இதே அறிக்கையை வெச்சு ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் பேர் கார்ல் மார்க்ஸ்.

ஆனா அந்த அறிக்கை வீணாப் போகல. 1859-ல மெட்ராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்து, வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரிச்சுது. தனி இன்ஸ்பெக்டர் ஜெனரல், தனிப் படை. 1861-ல இந்தியா முழுக்க வந்த போலீஸ் சட்டத்துக்கு மெட்ராஸ் அனுபவமும் ஒரு அடிப்படை.

இதைவிட எனக்குப் பிடிச்சது இன்னொரு மாத்தம். 1861-ல வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாதுன்னு சொல்லுச்சு. 1872 சாட்சியச் சட்டத்துல அது 25-ஆவது பிரிவாச்சு. கோடு எழுதறவனா யோசிச்சா இது ரொம்ப அழகான டிசைன். கிட்டியைத் தடை பண்ணா ஒளிச்சு வெச்சு யூஸ் பண்ணுவான். கிட்டியோட அவுட்புட்டை எவனும் வாங்கிக்க மாட்டான்னு ஆக்கிட்டா?

அழகான டிசைன்ல ஒரு ஓட்டை இருக்குமே, இங்கயும் இருந்தது. 27-ஆவது பிரிவு. கைதி சொன்னதை வெச்சு ஒரு பொருள் கிடைச்சா, அது சம்பந்தமா அவர் சொன்ன பகுதி மட்டும் செல்லும். ஸோ, "நீதான் திருடின, ஒத்துக்கோ"ன்னு அடிக்கறதுல லாபம் இல்ல. "நகை எங்க இருக்கு"ன்னு அடிக்கறதுல லாபம் இருக்கு. 150 வருஷமா நகை காணாமப் போற கேஸ்ல ஏன் இவ்வளவு அடி விழுதுங்கறதுக்கு என்னோட பதில் இந்தப் பிரிவுதான்.

அடுத்த சாமான், கைவிலங்கு. 1980 ஏப்ரல்ல பிரேம் சங்கர் சுக்லா வழக்குல தீர்ப்பு வந்தது. திகார் ஜெயில்லேர்ந்து ஒரு விசாரணைக் கைதி, கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் விலங்கு மாட்டறாங்கன்னு நீதிபதிக்குத் தந்தி அடிச்சார். எழுதின நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1948-ல தானே ஜெயில்ல இருந்தவர். 1957-ல கேரளாவோட முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில சிறைத்துறையையும் பாத்தவர். பூட்டின கையையும் பூட்டற கையையும் தெரிஞ்ச ஆள். விலங்குங்கறது வழக்கமா மாட்டற பொருள் இல்ல, தப்பிச்சுருவார்னு உறுதியான காரணம் இருந்தா அதை எழுதி வெச்சுட்டுத்தான் மாட்டணும்னு எழுதினார். 2024 ஜூலை 1-லேர்ந்து அமலான புதுச் சட்டத்தோட 43-ஆவது பிரிவு, கொலை, பாலியல் வன்கொடுமை, பயங்கரவாதம் மாதிரி வழக்குகள்ல விலங்கு மாட்ட நேரடியா அனுமதி குடுக்குது. 44 வருஷம் கழிச்சு விலங்குக்கு ஒரு பாதி ரிட்டர்ன்.

இப்போ அந்தப் பேட்ஜ். 1986 ஆகஸ்ட்ல மேற்கு வங்கத்துலேர்ந்து சட்ட உதவி அமைப்பு நடத்தின டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பத்தின பேப்பர் செய்திகளைச் சேர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் போட்டார். அதையே வழக்கா எடுத்துக்கிட்டாங்க. 1996 டிசம்பர் 18 தீர்ப்புல 11 கட்டளை வந்தது. கைது மெமோவுல குடும்பத்துலயோ ஊர்லயோ ஒருத்தர் கையெழுத்துப் போடணும். சொந்தக்காரருக்குச் சொல்லணும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பாக்கணும். இந்தப் பட்டியல்ல முதல் கட்டளை என்ன தெரியுமா? கைது பண்றவரும் விசாரிக்கிறவரும் பேரும் பதவியும் தெளிவாத் தெரியற மாதிரி பட்டை அணிஞ்சிருக்கணும். திண்ணையில நான் சாதாரணமாப் படிச்ச அந்தப் பேருக்குப் பின்னாடி பத்து வருஷக் கோர்ட் வழக்கு இருக்கு.

ஜெயில் பக்கம் சுருக்கமா ஒரு எட்டுப் பாத்துடலாம். 1908-ல வ.உ.சி.யை கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கு இழுக்க வெச்சாங்க. அந்தச் செக்கு இப்போ கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு. அதே கோவை மத்திய சிறையில இன்னிக்குக் கைதிங்க போலீஸ் யூனிபார்ம் துணி நெய்யறாங்க. வேலூர் சிறையில போலீஸ் ஷூ தைக்கிறாங்க. நெசவு ஊர்ல பிறந்ததால இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாவே உறுத்துது: பிடிச்சவர் போட்டிருக்கிற காக்கி, பிடிபட்டவர் தறியிலேர்ந்து வந்ததா இருக்கலாம். ஜெயில் அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க அதே வேலூர்ல 1979-லேர்ந்து ஒரு அகாடமி நடக்குது. தென் மாநில அதிகாரிகள் எல்லாம் வந்து படிக்கிற இடம்.

கடைசியா, எல்லாத்தையும் விட நவீனமான சாமான். 2020 ஜூன் 19, சாத்தான்குளம். லாக்டவுன் நேரத்துல கடை திறந்திருந்ததா சொல்லி ஜெயராஜ், பென்னிக்ஸ்னு அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாங்க. பேப்பர்ல எல்லாம் இருந்தது. டாக்டர் சர்டிபிகேட் இருந்தது, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் இருந்தது. கோவில்பட்டி கிளைச் சிறையில அடைச்சாங்க. 22-ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார், 23 காலையில அப்பா. மதுரை ஹைகோர்ட் கிளை தானாவே வழக்கை எடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்புச்சு.

அவர் அறிக்கையில ஒரு வரி இருக்கு. சிசிடிவி ஹார்ட் டிஸ்க்ல 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனா ஒவ்வொரு நாளும் பதிவு தானா அழியற மாதிரி செட்டிங் வெச்சிருந்தது. ஜூன் 19 பதிவு இல்ல.

நான் ஆபீஸ்ல லாக் எத்தனை நாள் வெச்சுக்கணும்னு டெய்லி முடிவு பண்ற ஆள். அந்த டீஃபால்ட்டை யாரோ ஒருத்தர் மெனுவுக்குள்ள போய் மாத்தணும். அது தானா நடக்காது. கிட்டியை ஒளிச்சு வெக்க மூலையாவது வேணும். இதுக்கு ஒரு கிளிக் போதும்.

மாஜிஸ்திரேட் லத்தியைக் கேட்டப்போ குடுக்கத் தயங்கினாங்க. அப்போ பேசினது அதே ஸ்டேஷன்ல வேலை பாத்த ஒரு பெண் தலைமைக் காவலர். ராத்திரி முழுக்க அடிச்சாங்க, லத்தியிலயும் மேசையிலயும் ரத்தம் இருந்ததுன்னு சாட்சி சொன்னாங்க. சக போலீஸ் வெளிய நின்னுக்கிட்டு இருக்கும்போது, பயந்துக்கிட்டே. அவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டது. அந்த ஸ்டேஷன்ல அன்னிக்கு வேலை செஞ்ச ஒரே ரெக்கார்டர் அவங்கதான்.

அதே வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி, பஞ்சாப்லேர்ந்து வந்த பரம்வீர் சிங் சைனி வழக்குல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷனுக்கும் கேமரா கட்டாயம்னு சொன்னது. வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம், பின்பக்கம், கழிப்பறைக்கு வெளிய எல்லாம். இருட்டுலயும் தெரியணும், சத்தமும் பதிவாகணும். பதிவை 18 மாசம் வெச்சிருக்கணும், அப்படிப்பட்ட கருவி கிடைக்கலன்னா குறைஞ்சது ஒரு வருஷம். 2025 செப்டம்பர்ல, கேமராவே வேலை செய்யலங்கற பேப்பர் செய்தியைப் பாத்து கோர்ட் திரும்பவும் தானா இதைக் கையில எடுத்தது.

அந்த 2020 உத்தரவுல அதிகம் பேர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. ஸ்டேஷன் வாசல்லயும் உள்ளயும் பெரிய போர்டு வெக்கணும். இங்க கேமரா ஓடுது, உரிமை மீறல் நடந்தா மனித உரிமை ஆணையத்துலயோ கோர்ட்லயோ எஸ்.பி. கிட்டயோ புகார் பண்ணலாம், பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்குன்னு அதுல இருக்கணும். உள்ளூர் மொழியில, அதாவது நமக்குத் தமிழ்ல. எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கவோ, தொலைஞ்ச போனுக்குப் புகார் குடுக்கவோ ஸ்டேஷன் பக்கம் போனீங்கன்னா அந்த போர்டு இருக்கான்னு பாத்துட்டு வந்து எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எந்த ஊர்னு மட்டும் சொன்னாப் போதும்.