வயற்சேறும் களிம்பும்

தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த பூதலூர், மேட்டூர் அணை எழுந்த 1934-ஆம் ஆண்டை அடுத்து, ஜனங்கள் புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாயின் நீரால் நன்செய்ப் பரப்பைப் பெருக்கிக்கொண்ட ஊர்ப்பகுதியைச் சேர்ந்தது. தண்ணீர் பெருகவே நடவும் பெருகிற்று; நடவு பெருகவே, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சேற்றிலே குனிந்து நின்று நாற்றைப் பதிக்கும் ஸ்திரீகளின் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணும், இடைவிடாத ஈரத்தால் தோல் ஊறி வெளுத்து வெடிக்கும் உபாதையும் அவர்களுடைய வாழ்க்கையின் நித்திய அம்சங்களாயின. மகசூலைக் கலக்கணக்காக எழுதிவைத்த நம்முடைய வேளாண்மைச் சரித்திரத்தில் அந்தக் கால்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே வருகிறது.

வீட்டு வைத்தியமோ அவர்களை அடியோடு கைவிட்டதில்லை. வயலிலிருந்து கரையேறியதும் காலைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவதும், கடுக்காயை உரைத்துப் பூசுவதும், மருதாணியை அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொள்வதும் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். சொறிக்கும் சிரங்குக்கும் புங்க எண்ணெய் இருந்தது. செதில் உதிரும் படைக்கு, வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும்வரை காத்திருந்து எடுத்த தைலம் இருந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மஹால் என்னும் வைத்தியசாலையை அமைத்து, நாட்டு வைத்தியர்களையும் மேல்நாட்டு முறையறிந்தவர்களையும் ஆதரித்தார். அக்காலத்து அநுபவ யோகங்களைச் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் சரஸ்வதி மஹால் நூல்நிலையம் பிற்காலத்தில் அச்சிட்டு வெளியிட்டது. இந்த ஔஷதங்கள் எல்லாம் எல்லாருக்கும் பலித்தன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், எதை எவ்வளவு தடவுவது, எத்தனை நாளைக்கு என்பதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பின்னால் நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இந்தச் சிறு விஷயம் முக்கியமானது.

அந்தப் பின்கதை கடல் கடந்து தொடங்குகிறது. 1948-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு நோயாளிக்கு, அட்ரீனல் சுரப்பியின் ரசாயனப் பொருளாகிய கார்ட்டிசோனை ஃபிலிப் ஹெஞ்ச் என்ற வைத்தியர் செலுத்தினார். கண்ட குணம் உலகத்தை வியக்கவைத்தது. 1950-இல் அவருக்கும், அந்தச் சுரப்பியின் பொருள்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே கார்ட்டிசோன் தோலின்மேல் தடவியபோது பயன்படாமற்போயிற்று. அதன் நெருங்கிய இனமாகிய ஹைட்ரோகார்ட்டிசோன் மேற்பூச்சாகவே கரப்பானை அடக்கும் என்பதை 1952-இல் நியூயார்க்கில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இருவர் காட்டினார்கள். பின்வந்த ஆண்டுகளில் பீட்டாமெத்தசோனும், ஹைட்ரோகார்ட்டிசோனைப் போலப் பல நூறு மடங்கு வலிமையுள்ளதாகக் கணிக்கப்படும் குளோபெட்டசாலும் வந்துசேர்ந்தன. ஸ்டீராய்டுகள் எனப்படும் இவை சருமத்தின் நோயெதிர்ப்புக் கொந்தளிப்பைத் தணிக்கும். இரத்தக் குழல்களைச் சுருக்கிச் சிவப்பை மறையச் செய்யும். அரிப்பு ஓரிரு நாளில் அடங்கும். கால்வாய்க் கரைகளிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடி பட்டுத் தோல் தடித்துக் கன்றியவருக்கு, வைத்தியர் அறிந்து கொடுக்கும் இந்தக் களிம்பு மெய்யாகவே ஒரு வரப்பிரசாதம்.

அந்த வேகமே கேடாகவும் முடிந்தது. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட் கொடுங்கள்" என்று கேட்டால் போதும், ஸ்டீராய்டும், பூஞ்சைக்கொல்லியும், நுண்ணுயிர்க்கொல்லியும் ஒன்றாய்க் கலந்த டியூப் கைக்கு வந்துவிடும் காலம் வந்தது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதன்மேல் ஸ்டீராய்டைத் தடவினால் அரிப்பு அடங்கி வட்டம் மங்கும், பூஞ்சையோ எதிர்ப்பின்றி உள்ளே வளர்ந்து பரவும். வேஷம் மாறிய இந்தப் படையை 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரு வைத்தியர்கள் விவரித்து எச்சரித்திருந்தார்கள். அதனினும் எனக்கு வருத்தம் தருவது, முகம் வெளுக்கும் என்று நம்பி இளம்பெண்கள் மாதக்கணக்கில் இதைப் பூசிவந்ததாகும். தோல் மெலிந்து, இரத்தக் குழல் தெரிந்து, பருவும் ரோமமும் கிளைத்து, நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும் நிலைக்கு அவர்கள் வந்தபோது, நிறத்தைப் பற்றி நாம் வளர்த்துவைத்த தப்பெண்ணத்துக்கும் அதில் பங்கு உண்டென்பதை மறுக்க இயலாது. நாட்டின் சரும வைத்தியர் சங்கம் நெடுங்காலம் முறையிட்டது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை, வைத்தியர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் அட்டவணையில் கொண்டுவந்தது.

சட்டம் கடையை ஒழுங்குபடுத்தும். அளவைச் சொல்ல வேறொருவர் வேண்டும். 1991-இல் பிரிட்டனின் லாங், ஃபின்லே என்ற இருவர் எளிய அளவொன்றை வகுத்தார்கள்: டியூபிலிருந்து பிதுக்கிய களிம்பு, வளர்ந்தவரின் ஆள்காட்டி விரலின் நுனி முதல் முதற்கணுவின் கோடுவரை நீண்டிருந்தால் அது சுமார் அரை கிராம், விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். நோயுற்ற இடத்தில் மட்டும், மெல்லிய படலமாக, வைத்தியர் சொன்னபடி நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ, அவர் குறித்த சில நாட்கள் அல்லது ஓரிரு வாரங்கள் தடவுவது முறை. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியதாதலால் மருந்து மிகுதியாய் உள்ளிறங்கும். வலிமையான களிம்பு அங்கே ஆகாது. இமையின்மேல் நெடுநாள் பூசினால் கண்ணில் அழுத்தம் ஏறக்கூடும். குழந்தைக்கு அரையில் இறுகக் கட்டிய துணிக்குள்ளே தடவினால் உறிஞ்சல் இன்னும் கூடும். சீழ் வைத்த புண்ணுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் இதைத் தாமாகவே தடவக்கூடாது. சேற்றுப்புண்ணில் பூஞ்சையும் நுண்ணுயிரும் சேர்ந்திருக்கலாம், அதற்கு முதல் சிகிச்சை காலை ஈரமின்றி வைப்பதே.

மாதக்கணக்கில் பூசிப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் எரிச்சல் திரும்ப மூளும். ஆதலால் பூதலூரிலிருந்து ரயிலேறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகிறவர்கள், இதுகாறும் தடவிவந்த டியூபை, அது காலியாயிருந்தாலும், மறவாமல் எடுத்துச் செல்லவேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்துத்தான் எதைக் குறைப்பது, எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்று வைத்தியர் தீர்மானிக்கமுடியும்.