இசைத்தட்டுக் கடையில் பிறந்த பொற்காலம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்தது சோல் இசை. ஆண்டவனை நோக்கி உருகிய அதே குரல் காதலையும் பிரிவையும் பாடியபோது உலகம் செவிசாய்த்தது. பௌர்ணமிதோறும் கிரிவலம் செல்லும் கூட்டத்தையும் வழியெல்லாம் ஒலிக்கும் பக்திப் பாடல்களையும் அறிந்த வேங்கிக்கால் மக்களுக்கு இந்த உருக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த இசைக்குப் பெரும் வீடாக விளங்கிய மோட்டவுன் நிறுவனத்தை டெட்ராய்ட் நகரில் 1959இல் தொடங்கியவர் பெர்ரி கோர்டி. அதற்கு முன் அவர் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். அவருக்குக் கால் நூற்றாண்டு முன்பே தமிழகத்தில் இன்னொருவர் அதே வழியில் நடந்திருந்தார். காரைக்குடியில் தந்தையின் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகிய ஏ.வி. மெய்யப்பன்தான் அவர். விற்பதோடு நில்லாமல், பதிவு செய்து வெளியிடவும் துணிந்தார். 1930களின் தொடக்கத்தில் நண்பர்களுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தின் தட்டுகளைத் தென்னாட்டில் பரப்பினார். எந்தக் குரலுக்கு மக்கள் மீண்டும் மீண்டும் கடையேறி வருகிறார்கள் என்பதைக் கல்லாவில் இருந்தே கற்றவர் அவர். பொற்காலங்களை உண்டாக்குவது முதலீட்டைவிட இத்தகைய செவிதான் என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் செவிக்கு விருந்தளித்தது நாடக மேடை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடியவர்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மேடையில் ஒரு பாட்டை மணிக்கணக்கில் விரிக்கத் தெரிந்தவர்கள் தட்டுக்காக அதைச் சுருக்கவில்லை, செறிவாக்கினார்கள். ராகத்தின் முகம் முதல் சில நொடிகளிலேயே தெரிந்தாக வேண்டும். பிருகா ஒவ்வொன்றும் பொருளோடு விழ வேண்டும். மீண்டும் பாடித் திருத்த மேடையில் கிடைக்கும் அவகாசம் மெழுகுத் தட்டில் கிடையாது.

1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு 27 வயது. திரைப்படத்தில் அவர் தோன்றியதில்லை. அவரை நேரில் கேளாத தலைமுறைகளுக்கு அந்தக் குரலைக் காத்துத் தந்தது அரக்குத் தட்டு மட்டுமே. கணவர் கிட்டப்பாவை இழந்து வெள்ளைப் புடவைக்கு மாறி, நெடுநாள் மேடையை விட்டு விலகியிருந்த சுந்தராம்பாள் மீண்டும் பாட வந்தபோது பக்தியும் தேசப்பற்றும் அவர் தொண்டையில் ஒன்றாயின. துயரத்தை அழுகையாக்காமல் கம்பீரமாக்கிய குரல் அது. சோல் இசையை மதிப்பவர் எவரும் அதைத் தம் உறவாகவே உணர்வர்.

மெய்யப்பன் இசைத்தட்டிலிருந்து திரைக்குப் போனபோதும் செவியை உடன் கொண்டுபோனார். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் நடித்தவருக்குப் பதில் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக அது போற்றப்படுகிறது. 1947இல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் வீதியெங்கும் ஒலித்தன. தம்மிடம் இருந்த பாரதி பாடல் உரிமையை 1949இல் பணம் பெறாமலே மெய்யப்பன் அரசுக்கு அளித்தார். பாட்டு மக்களுடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின்னாளில் திரைப்பாட்டே இசைத்தட்டு உலகை ஆட்கொண்டது. நாடக மேடையின் முழுக்குரல் ஒதுங்கியது. எனினும் நம் வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் தட்டுகள் உறங்கக்கூடும். கைதவறினால் நொறுங்கும் பொருள் அது. ஆகவே இம்மலரின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தட்டுகளைப் படுக்க அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாமல் காப்பாற்றுங்கள், நடுவட்டத்தில் அச்சிட்ட பாடகர் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள், அறிந்தவரைக் கொண்டு கணினியில் பதிவு செய்யுங்கள். கீறல் ஒலியைப் பொறுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து முழுப் பக்கமும் கேளுங்கள். மூன்று நிமிடம்தான்; ஒரு கலைஞர் தம் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.