கடல் இல்லாத கடற்கரை

சிங்கப்பூர்ல தனியா சுத்த எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. காலையில மெர்லயன் சிலை, எல்லாரையும் மாதிரி ஒரு செல்ஃபி. அது 1972-ல வச்ச சிலை. நான் தேடிப் போனது அதுக்கும் பழைய கடற்கரையை.

தெலுக் ஆயர் தெரு. மலாய்ல தெலுக்னா விரிகுடா, ஆயர்னா தண்ணீர். போய் நின்னா தண்ணியையே காணோம், சுத்தி ஆபீஸ் கட்டடங்கள்! 1880-கள் வாக்குல மண்ணைக் கொட்டிக் கடலைத் தள்ளி வச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி அலை இந்தத் தெரு ஓரத்துலதான் அடிச்சது.

கப்பல்ல வந்தவங்க கரையேறினதும் இங்கதான். உயிரோட வந்து சேர்ந்ததே பெரிய விஷயம் இல்லையா? அதனாலதான் சீனர்கள் கடல் தெய்வம் மாசுவுக்கு இங்க தியன் ஹாக் கெங் கோயில் கட்டினாங்க. சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828-30-ல நாகூர் ஆண்டவர் நினைவா ஒரு தர்கா எழுப்பினாங்க. அதே தெருவுல 1827-ல ஓலைக் குடிசையா ஆரம்பிச்ச பள்ளிவாசலும் இருக்கு. இப்பப் பெரிய கட்டடம்தான், ஆனா தமிழ்ல அதுக்கு இன்னும் 'குச்சுப் பள்ளி'ன்னுதான் பேரு.

தர்கா வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். கடல் இருந்த பக்கம் டாக்ஸிகள் போய்க்கிட்டிருந்தது. தண்ணியைப் பார்க்க, வந்த வழியே திரும்ப நடந்தேன்.